தாங்கியின் அடியிலே

வயலின் பசுமையைப் பாடிய புலவர் நம்மிடையே பலர். ஏரின் பெருமையும் எருதின் உழைப்பும் தமிழிலே காலந்தோறும் பேசப்பட்டு வந்திருக்கின்றன. இன்றோ வன்னியின் வயல்களிலே ஏரை இழுப்பது எருதன்று, டீசல். அந்த டீசல் எங்கிருந்து வருகிறது, எவர் கைகளினூடாக வருகிறது, எவற்றைத் தன்னுள்ளே மறைத்துக்கொண்டு வருகிறது என்பனவற்றைப் பற்றி நம் எழுத்தாளர் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எண்ணெய் நாறும் விஷயம் இலக்கியத்துக்கு ஒவ்வாது என்ற எண்ணம் இதற்குக் காரணமாயிருக்கலாம். சோற்றைப் பற்றி எழுதுவது இலக்கியமாயின், அச்சோற்றை விளைவிக்கும் எண்ணெயைப் பற்றி எழுதுவதும் இலக்கியமே என்பது எமது கருத்து.

நாம் தொழிலால் ஆசிரியர். எனினும், கிளிநொச்சி மாவட்டத்தின் முரசுமோட்டைப் பகுதியிலே, இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களின் ஓரத்திலே வாழ்பவர். எம் தம்பி ஓர் உழவு இயந்திரம் வைத்திருக்கிறார். மசி பெர்குசன் நிறுவனத்தின் பழைய '135'. வைத்திருப்பவரை விட வயது கூடிய இயந்திரம் அது. தம் வயலை உழுவதோடு அயலவர் வயல்களையும் கூலிக்கு உழுது அவர் குடும்பத்தை நடத்துகிறார். 2022ஆம் ஆண்டின் காலபோகத்திலே அந்த இயந்திரத்துக்கு நேர்ந்த ஒரு கேடும், அதனையொட்டி வயல் வரம்பிலே எழுந்த ஒரு வழக்கும் எமக்குச் சில உண்மைகளைத் தெளிவுபடுத்தின. அவற்றை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த ஆண்டை எவரும் மறந்திருக்கமாட்டார். நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிவிட்டது. மசகெண்ணெய் வாங்கப் பணமின்றி 2021 நவம்பரிலே சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு ஆலை மூடப்பட்டது. 2021 டிசம்பரிலே லீற்றர் ஒன்று 121 ரூபாவாக இருந்த டீசல், 2022 ஜூன் 26ஆந் தேதி 460 ரூபாவாயிற்று. அந்த விலை கொடுக்கத் தயாராயிருந்தவருக்கும் அது கிடைக்கவில்லை. நிரப்பு நிலையங்களின் முன்னே வாகனங்கள் நாட்கணக்கில் நின்றன. அதற்கு முந்திய ஆண்டு மே மாதத்திலேதான் அரசு ஓர் ஆணையினால் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்திருந்தது. நவம்பரிலே அந்த ஆணையை மீட்டுக்கொண்டபோதிலும், விளைச்சல் விழுந்தது விழுந்ததுதான். உரமின்றி ஒரு போகத்தை இழந்த கமக்காரர், எண்ணெயின்றி மறுபோகத்தையும் இழக்க நேருமோ என்று அஞ்சினர்.

எம் அயலிலே, போரிலே கணவரை இழந்த ஓர் அம்மையார் இரண்டு ஏக்கர் வயல் செய்கிறார். வழமையாக உழவுக்கூலிக்குள்ளே எண்ணெய்ச் செலவும் அடங்கும். எண்ணெய் தேடுவது இயந்திரம் வைத்திருப்பவரின் பொறுப்பு. 2022இலே அந்த வழமை தலைகீழாயிற்று. எண்ணெயை வயற்காரர் கொண்டுவந்தாலே இயந்திரம் வயலில் இறங்கும் என்ற நிலை உண்டாயிற்று. ஆகவே, அவ்வம்மையார் ஆடி மாதத்திலேயே காதிற் கிடந்த தோட்டை அடகு வைத்தார். ஊரிலே சில்லறையாக எண்ணெய் விற்ற ஒருவரிடம், நிலையத்து விலையிலும் ஏறக்குறைய இருமடங்கு கொடுத்து, 30 லீற்றர் டீசல் வாங்கினார். இரண்டு பிளாஸ்டிக் கான்களிலே அதை நிறைத்து, வீட்டின் பின்புறத்துக் கொட்டிலிலே சாக்கினால் மூடி வைத்தார். பொன்னை விற்று வாங்கிய பொருளைப் பொன்னைப் போலவே மூன்று மாதம் காத்தார்.

ஐப்பசியின் முதல் மழைகள் விழுந்தன. வன்னியின் வேளாண்மையை அறியாத வாசகருக்கு இவ்விடத்திலே ஒன்று கூறவேண்டும். காலபோகத்திலே இங்கே பெரிதும் நடப்பது புழுதி விதைப்பு. முதல் மழையினால் நிலம் இளகியதும் உழுது, புழுதியாக்கி, உலர்ந்த விதைநெல்லை வீசி மறுத்துவிடுவார்கள். அதன்பின் பெய்யும் மழையிலே நெல் முளைத்து, பெருமழை வருமுன் தலைநிமிர்ந்துவிடும். இடையே கிடைக்கும் அவகாசம் சில நாட்களே. அச்சில நாட்களைத் தவறவிட்டால் வயலிலே வெள்ளம் நிற்கும். பின்பு சேறடித்து, பலகை இழுத்து, முளைகட்டிய நெல்லைச் சேற்றிலே வீசவேண்டும். அதற்கு உழவும் கூட, விதையும் கூட, கூலியும் கூட. ஆகவே ஐப்பசியிலே உழவு இயந்திரம் ஒரு நாள் நிற்பது, வேறு மாதத்திலே ஒரு மாதம் நிற்பதற்குச் சமம்.

அந்த ஐப்பசியிலேதான் எம் தம்பியின் இயந்திரம் அவ்வம்மையாரின் வயல் நடுவே நின்றது. முதலில் இழுவை குறைந்தது. பின்பு வெண்புகை கக்கியது. ஒரு பக்கத்து வயல் முடிந்து மறுபக்கம் திரும்பியபோது இருமுறை விக்கி ஓய்ந்துவிட்டது. மீண்டும் மீண்டும் முடுக்கியும் உயிர் வரவில்லை. பாடசாலை விட்டு நாம் அங்கே சென்றபோது இயந்திரம் மௌனமாய் நின்றது. மனிதர் இருவர் மௌனமாய் இல்லை.

"அக்கா, உங்கட எண்ணெயை விட்டாப்பிறகுதான் மெசின் நிண்டது. பம்ப் போயிருந்தா நான் எங்க போறது?" என்றார் தம்பி.

"தம்பி, நானோ கலந்தனான்? தோட்டை வைச்செல்லோ வாங்கினனான். உம்மட மெசினும் நாலு மாசமா ஓடாமக் கிடந்ததுதானே" என்றார் அவர்.

இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. இருவரும் ஏழைகள். ஒருவரின் சீவனோபாயம் அந்த இயந்திரம்; மற்றவரின் ஓராண்டுச் சோறு அந்த வயல். பத்து வருடமாக ஒரே வேலியின் இருபுறமும் வாழ்ந்து, ஒரே கிணற்றிலே நீர் அள்ளியவர்கள் அன்று ஒருவரையொருவர் திருடராகப் பார்த்தார்கள். உண்மையிலே திருடியவர் அந்த வரம்பிலே இல்லை. அவர் முகம் அங்கே எவர் நினைவுக்கும் வரவில்லை. சுரண்டலின் சாமர்த்தியம் இதுவே போலும். செய்தவன் மறைந்துவிடுகிறான், அடிபட்டவர் இருவர் தம்முள்ளே அடிபடுகின்றனர்.

மறுநாட் காலையிலே பரந்தன் பக்கத்திலிருந்து முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். நாமும் அவரை 'அண்ணை' என்றே அழைப்போம். அவர் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்னே மூன்று வெறும் சோடாப் போத்தல்கள் கேட்டார். முதலாவதிலே கானில் எஞ்சியிருந்த டீசலையும், இரண்டாவதிலே இயந்திரத் தாங்கியின் அடியிலிருந்து எடுத்ததையும், மூன்றாவதிலே தாம் கொண்டுவந்த நல்ல டீசலையும் நிறைத்து வேப்ப மரத்தடியிலே வரிசையாக வைத்தார். பின்பு வெற்றிலை போட்டுக்கொண்டு அமர்ந்துவிட்டார். தம்பி பரபரத்தார். அண்ணையோ அசையவில்லை.

"பொறு தம்பி. தண்ணி ஒளிச்சிருக்காது. பொறுத்திருந்தா அடிக்கு வந்திடும். மண்ணெண்ணெய்தான் கள்ளன். கலந்தா முகம் காட்டான்" என்றார்.

அவர் கூறியபடியே ஆயிற்று. மதியத்துக்குள் தாங்கியிலிருந்து எடுத்த போத்தலின் அடியிலே ஒரு விரற்கடை உயரத்துக்கு நீர் தெளிந்து நின்றது. நீருக்கும் எண்ணெய்க்கும் இடையே பழுப்பு நிறத்திலே, சளியைப் போன்ற ஒரு படலம் தொங்கியது. கானிலிருந்து எடுத்ததிலே நீர் சிறிதே இருந்தது. ஆனால் அதன் நிறம் வெளிறியிருந்தது, மணமும் வேறாயிருந்தது. அண்ணை அதிலே ஒரு துளியையும், நல்ல டீசலிலே ஒரு துளியையும் தம்பியின் மகளுடைய கொப்பித் தாளொன்றிலே விட்டு வெயிலிலே வைத்தார். நல்ல டீசல் தாளிலே எண்ணெய்க் கறையாய்த் தங்கியது. மற்றதன் கறை விரைவாக மங்கி, மெல்லிய நிழலாயிற்று. மண்ணெண்ணெய் அதிலே கணிசமாகக் கலந்திருந்தது.

தீர்ப்பு இவ்வாறு அமைந்தது. கானிலே கலப்படம் இருந்தது. தாங்கியிலே நீர் இருந்தது. இரண்டும் சேர்ந்து இயந்திரத்தை நிறுத்தின. அம்மையாரும் கலக்கவில்லை, தம்பியும் நீர் ஊற்றவில்லை. அப்படியானால் நீர் எங்கிருந்து வந்தது?

இங்கே சிறிது விஞ்ஞானம் பேசுவது அவசியம். டீசல் இன்றி நாலு மாதம் அரைவெறுமையாய்க் கிடந்த தாங்கியிலே எண்ணெய் இல்லாத இடத்தைக் காற்று நிரப்பியிருந்தது. பகலிலே சூடேறும் அக்காற்று இரவிலே குளிர்கிறது. அதிலுள்ள நீராவி தாங்கியின் இரும்புச் சுவரிலே வியர்வையாய்ப் படிந்து அடிக்கு வழிகிறது. நீர் டீசலை விடப் பாரமானது. ஆகவே அடியிலேயே தங்குகிறது. நீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையிலே பற்றீரியாக்களும் பூஞ்சணங்களும் குடியேறுகின்றன. அவை வாழ நீர் வேண்டும். உண்ண எண்ணெய் வேண்டும். மண்ணெண்ணெய்ப் பூஞ்சணம் என்றே பெயர் பெற்ற ஓர் இனம் உண்டு. ஜெட் விமானங்களின் எரிபொருள் தாங்கிகளிலும் அது வளர்ந்து பொறியியலாளரைத் துன்புறுத்தியிருக்கிறது. முரசுமோட்டையின் பழைய '135'க்கும் ஆகாயக் கப்பலுக்கும் அது பேதம் பாராட்டுவதில்லை. அந்தச் சளிப்படலமே பில்டரை அடைத்தது.

மண்ணெண்ணெயின் தீங்கு வேறுவகையானது. டீசல் என்ஜினிலே தீப்பொறி இல்லை. காற்றை 16இல் ஒரு பங்குக்கும் குறைவான இடத்துக்குள் அமுக்க, அக்காற்று எண்ணெயைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடேறுகிறது. அந்தச் சூட்டினுள்ளே, வளிமண்டல அழுத்தத்தின் 150 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்திலே, டீசலைப் புகைபோலப் பீச்சவேண்டும். அதைச் செய்யும் பம்பின் உட்பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி ஒரு மயிரின் தடிப்பிலும் பன்மடங்கு சிறியது. அவ்வளவு நெருக்கமாக உராயும் உருக்குப் பாகங்களுக்கு மசகு பூசுவது வேறெதுவுமன்று, அந்த டீசலேதான். மண்ணெண்ணெய் மெலிந்தது, வழுவழுப்புக் குறைந்தது. அது கலந்த எண்ணெயிலே என்ஜின் ஓடும், ஓடிக்கொண்டே தேயும். கலப்படக்காரனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? பொருள் விற்ற அன்றே கெட்டால் வாங்கியவன் திரும்பி வருவான். மூன்று மாதம் கழிந்து கெட்டால் அயலவனோடு சண்டையிடுவான்.

அண்ணை வேலையைத் தொடங்கினார். தாங்கியை முற்றாக வடித்து, நல்ல டீசலால் அலசினார். பில்டரின் அடியிலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி, அடைந்து கிடந்த சேற்றைத் துடைத்தார். பில்டரைப் புதிதாக்கினார். பின்பு குழாய்களுக்குள் புகுந்த காற்றை ஒழுங்குமுறையாக வெளியேற்றினார். முதலிலே பில்டரின் தலையிலுள்ள சிறு ஆணியை இளக்கி, கைப்பிடியால் எண்ணெயை இறைத்து, குமிழியின்றி எண்ணெய் வரும்வரை காத்தார். அடுத்துப் பம்பிலும், ஈற்றிலே நொசில்களுக்குச் செல்லும் குழாய்களிலும் அவ்வாறே செய்தார். இவ்வொழுங்கு மாறினால் காற்று முன்னோக்கித் தள்ளப்பட்டு மீண்டும் சிக்கும். மூன்று நொசில்களிலே இரண்டு பழுதாகியிருந்தன. பம்பு தப்பியது. "இன்னும் ரெண்டு ஏக்கர் ஓடியிருந்தா பம்புக்குக் காரியம் செய்திருக்கலாம்" என்றார். அந்நொசில்கள் கிளிநொச்சி நகரிலே கிடைக்கவில்லை. வவுனியாவிலிருந்து வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளிலே வானம் திறந்துகொண்டது.

வேலைக்கிடையே, இவ்வளவையும் எங்கே கற்றீர்கள் என்று கேட்டோம். "தடையிலதான்" என்று ஒரே சொல்லிலே விடை சொன்னார்.

வன்னியிலே அச்சொல்லுக்கு விளக்கம் வேண்டுவதில்லை, வெளியிலிருப்போருக்கு வேண்டும். 1990 ஜூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, யூரியா உரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மாத்திரம் அளந்து அனுமதிக்கப்பட்டது. 2002இலே போர்நிறுத்தத்தோடு தடை நீங்கும்வரை பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு சமுதாயம் முழுவதும் மண்ணெண்ணெயிலே ஓடியது. ஜாம் போத்தலிலே பஞ்சையும் திரியையும் இட்டுச் சில துளி எண்ணெயிலே இரவு முழுவதும் விளக்கெரித்து, அதன் கீழே மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். பெற்றோல் என்ஜின்களைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயிலே ஓட்டினர். டீசல் என்ஜின்களுக்கு மண்ணெண்ணெயோடு மசகு எண்ணெயோ தாவர எண்ணெயோ கலந்து ஊற்றினர். எதை எவ்வளவு கலந்தால் என்ஜின் எவ்வளவு காலம் தாங்கும் என்ற கணக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கப்படவில்லை. கராஜ்களிலே, மரநிழல்களிலே, கறுத்த விரல்களினால் அது எழுதப்பட்டது. அண்ணை அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரி. 1996இலே கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோதும், 2008இலே மீண்டும் இடம்பெயர்ந்தபோதும் அவர் கைவிடாத உடைமை அவருடைய சாவிப் பெட்டி.

இறுதிப் போரின்போது வன்னி மக்களைச் சுமந்ததும் இந்த உழவு இயந்திரங்களே. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே கிழக்கே நகர்ந்த சனத்தின் கூரைத் தகடும் நெல்மூட்டையும் நோயாளியும் குழந்தையும் அவற்றின் பெட்டிகளிலேதான் ஏறின. முள்ளிவாய்க்காலின் பின்னர் அவ்வியந்திரங்களிற் பல எரிந்த இரும்பாய் மணலிலே கிடந்தன. ஆகவே எம் தம்பி தம் இயந்திரத்தைப் பற்றிப் பதறியதைப் பணத்தாசை என்று எண்ணிவிடலாகாது. மீண்டும் ஒன்றை வாங்க எத்தனை போகம் வேண்டுமென்று அவருக்குத் தெரியும்.

எனினும், போர்க்காலக் கலப்புக்கும் 2022இன் கலப்படத்துக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. தடைக்காலத்திலே கலந்தவர், கலந்திருக்கிறது என்று சொல்லியே கலந்தார்; இயந்திரத்தை ஓட்டவேண்டும் என்பதற்காகக் கலந்தார். 2022இலே கலந்தவர் சொல்லாமற் கலந்தார், இலாபத்துக்காகக் கலந்தார். முன்னது பஞ்சத்தை எதிர்க்கும் அறிவு. பின்னது பஞ்சத்தை உண்டு கொழுக்கும் அறிவு. இரண்டையும் பிறப்பித்தது பற்றாக்குறையே ஆயினும், ஒன்று கூட்டு வாழ்வின் பிள்ளை, மற்றது சந்தையின் பிள்ளை.

அந்தச் சந்தைக் கணக்கையும் பார்ப்போம். டீசல் 460 ரூபா விற்ற அதே நாட்களிலே மண்ணெண்ணெயின் கட்டுப்பாட்டு விலை 87 ரூபா. லீற்றருக்கு 373 ரூபா வேறுபாடு! மண்ணெண்ணெயைக் கைப்பற்றக் கூடிய எவனும், ஒரு கான் டீசலிலே அரைக்கான் அதைக் கலந்தால் கூலியின்றிச் செல்வனாகலாம். ஏழைக்கென்று குறைக்கப்பட்ட விலை இவ்வாறு இடைத்தரகனின் பெட்டிக்குச் சென்றது. அரசு இதற்குக் கண்ட மருந்து யாது? 2022 ஓகஸ்ட் மாதத்திலே மண்ணெண்ணெய் விலையை 87இலிருந்து 340 ரூபாவுக்கு உயர்த்தியது. கலப்படக்காரனின் இலாபம் குறைந்தது மெய்யே. ஆனால், முல்லைத்தீவுக் கரையிலே மண்ணெண்ணெய் இயந்திரம் பூட்டிய சிறு படகிலே கடலுக்குச் செல்லும் மீனவனும், மின்சாரம் இல்லாத குடிசையிலே விளக்கேற்றும் தாயும் அந்த மருந்தின் கசப்பை விழுங்கினர். திருடனைத் தடுக்க வீட்டுக்காரனின் உலையை அணைத்த கதை இது. விலையை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும், பங்கீடு மக்கள் கையிலே இல்லாதவரை, சுமை கீழேயே இறங்குகிறது. நீரைப் போலவே அதுவும் பாரமானது.

இந்நாட்டிலே எரிபொருள் எப்போதும் இவ்வாறு கேட்பாரற்றுக் கிடந்ததில்லை. 1961இலே சட்டமியற்றி இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் என்ற அந்நியக் கம்பனிகளின் விநியோகச் சொத்துக்களைப் பொதுவுடைமையாக்கும் வேலை மறு ஆண்டு தொடங்கியது. அதற்குப் பழிவாங்க அமெரிக்கா 1963இலே உதவியை நிறுத்தியது. ஒரு சிறிய தேசம் தன் எண்ணெயைத் தானே பங்கிடவேண்டும் என்று எண்ணியதற்கு அது கொடுத்த விலை. 1969இலே சப்புகஸ்கந்தை ஆலை எழுந்தது. அந்நாளிலே அது வெறும் ஆலையன்று, ஒரு நம்பிக்கை. அந்நம்பிக்கையிலே வடக்கு கிழக்குத் தமிழருக்குச் சம பங்கு கிடைத்ததா என்று கேட்பதற்கு எமக்கு உரிமை உண்டு. பொதுவுடைமை என்ற பெயரிலே இருந்த எண்ணெயே 1990இன் பின் எமக்கு எதிரான ஆயுதமாக்கப்பட்டது. பொதுச் சொத்து சனநாயகமின்றிப் பொதுவாகாது என்ற பாடத்தை வன்னி மக்கள் தம் விளக்குத் திரியிலே கற்றவர்கள். ஆனால் இதற்கு மாற்று, விநியோகத்தை ஒவ்வொன்றாக அந்நியக் கம்பனிகளிடம் மீண்டும் கையளிப்பதுதானா? 2003இலே இந்தியக் கம்பனி வந்தது. 2023இலே சீனக் கம்பனி வந்தது. பலகைகள் மாறின. எம் அயலிலுள்ள அம்மையாரின் கானிலே என்ன இருக்கிறது என்பதைச் சோதித்துச் சொல்ல எவரும் வரவில்லை.

டீசல் என்ஜினைக் கண்டவரின் கனவு வேறாயிருந்தது. ஜெர்மானியப் பொறியியலாளரான ருடொல்ப் டீசல் 1890களிலே அதை ஆக்கினார். 1900இலே பாரிஸ் மாநகரத்துப் பொருட்காட்சியிலே அவ்வகை என்ஜின் ஒன்று கச்சான் எண்ணெயிலே ஓடிக் காட்டியது. கமத்தொழில் செய்யும் நாடுகள் தம் நிலத்திலே விளைந்த எண்ணெயிலேயே தம் இயந்திரங்களை ஓட்டலாம் என்று அவர் பின்னர் எழுதினார். முல்லைத்தீவின் மணலிலே கச்சான் செழித்து விளைகிறது. ஆயினும் நாம் கடல்கடந்து வரும் எண்ணெய்க்குக் காத்திருக்கிறோம். உணவெண்ணெயை ஊற்றி உழுவது இன்று கட்டாது என்பது மெய். ஆனால் கனவின் சாரம் கச்சானிலே இல்லை. உழுபவன் தன் எரிபொருளுக்கு இன்னொருவன் கையை எதிர்பாராதிருக்க வேண்டும் என்பதிலேயே இருக்கிறது.

நம் நாட்டிலும் இதைச் சிந்தித்த ஒருவர் இருந்தார். கேம்பிரிட்ஜிலே பொறியியல் கற்ற ரே விஜேவர்தன 1950களிலே இருசில்லு உழவு இயந்திரத்தை உருவாக்கினார். 'லாண்ட்மாஸ்டர்' என்ற அதன் பெயர், எக்கம்பனி செய்த இருசில்லு இயந்திரத்துக்கும் இன்றுவரை எம் ஊர்களிலே வழங்குகிறது. அவரே பிற்காலத்திலே, இறக்குமதி எண்ணெயிலே தங்கிய உழவு சிறு கமக்காரனை விடுவிக்கிறதா, கட்டிப்போடுகிறதா என்று வினவினார். உழவைக் குறைக்கும் செய்கைமுறையையும், வேலியிலே வளரும் சீமைக்கிளுவையை எரித்துச் சக்தி பெறுவதையும் வலியுறுத்தினார். தாம் படைத்ததைத் தாமே விசாரணை செய்த அந்த நேர்மை போற்றத்தக்கது. ஆயினும், எருமைகள் போரோடு போய்விட்ட வன்னியிலே, உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பழமைக்குத் திரும்புங்கள் என்று கூறுவோர் ஒருமுறை ஐப்பசியிலே இங்கு வந்து பார்ப்பது நன்று. பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் இத்தனை உள்ள மண்ணிலே, இயந்திரம் ஆடம்பரமன்று. அது இல்லாத ஆணின் தோள்.

எம் ஊரிலே பின்பு நடந்ததையும் சுருக்கமாகக் கூறவேண்டும். நொசில்கள் வந்து இயந்திரம் எழுந்தபோது வயலிலே முழங்காலளவு வெள்ளம். அம்மையார் புழுதி விதைப்பைக் கைவிட்டு, வெள்ளம் வடிந்தபின் சேற்றிலே விதைத்தார். விளைந்தது, ஆனால் குறைந்தது. அடகு வைத்த தோடு மறு ஆண்டுச் சிறுபோகத்தின் பின்னரே மீண்டது. பழுதின் செலவை எவர் கொடுப்பது என்ற வழக்கு கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்கு வந்தது. அண்ணையின் மூன்று போத்தல்களே அங்கே சாட்சி சொன்னன. போத்தல்களைக் கண்டபின் தம்பி தலைகுனிந்து, "அக்காவிலயும் பிழையில்லை" என்றார். "தம்பியும் என்ன செய்யிறது" என்றார் அம்மையார். செலவை இருவரும் பாதியாய்ப் பகிர்ந்தனர். அநியாயமான ஒரு கடனை நியாயமாகப் பகிர்வதையன்றி அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அக்கூட்டத்திலே எடுத்த முடிவு சிறியதாயினும் எமக்குப் பெரிதாய்ப் படுகிறது. இனி எவர் எண்ணெய் கொண்டுவந்தாலும் முதலிலே ஒரு போத்தலில் ஊற்றி ஓரிரவு வைத்துப் பார்த்தபின்னரே தாங்கியிலே ஊற்றுவது. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஓர் இரும்புப் பரலை நிழலிலே, சற்றே சாய்த்து வைப்பது. புது எண்ணெய் ஊற்றினால் இரண்டு நாள் தெளியவிட்டு, அடியைத் தொடாமல் மேலிருந்தே இறைத்து, நெருங்கிய துணியிலே வடிப்பது. அடியிலே தேங்கியதை மாதமொருமுறை வடித்து அகற்றுவது. வேலை முடிந்த மாலையிலே இயந்திரத் தாங்கியை நிரப்பி நிறுத்துவது. அப்போதுதான் ஈரக்காற்றுக்கு இடமிராது. நாம் எம் பாடசாலையிலிருந்து அடர்த்தி அளக்கும் நீரமானி ஒன்றைக் கொண்டுபோய் அதன் பயனைக் காட்டினோம். நல்ல டீசலிலே அது நிற்கும் உயரத்தையும், மண்ணெண்ணெய் கலந்ததிலே அது அமிழ்வதையும் கண்டு பிள்ளைகள் வியந்தார்கள். வகுப்பிலே மனனம் செய்த ஆக்கிமிடீசின் தத்துவம் அன்றுதான் எம் மாணவருக்குச் சோறோடு தொடர்புடைய பொருளாயிற்று.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் நாம் கூற விரும்புவது இதுவே. கலப்பட எண்ணெயை ஒரு கமக்காரனின் தலைவிதியாகவோ, ஒரு கடைக்காரனின் தனிப்பட்ட ஒழுக்கக்கேடாகவோ மாத்திரம் காணலாகாது. தாங்கியின் அடியிலே தேங்குவது வெறும் நீரும் சளியும் அன்று. செலாவணியைச் சூறையாடிய ஆட்சியும், ஏழையின் மானியத்தை விழுங்கிய தரகும், போர் விட்டுச்சென்ற வறுமையும் படிப்படியாக இறங்கி அங்கேயே தங்குகின்றன. மேலே தெளிவாய்த் தோன்றும் எண்ணெயைப் பார்த்து நாடு நலமாயிருக்கிறது என்று கூறுவோர் அடியிலே ஒருமுறை துளாவிப் பார்க்கவேண்டும்.

ஆகவே சில கோரிக்கைகள். ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் ஒரு நீரமானியும், அதைப் பயன்படுத்தப் பயின்ற ஒருவரும் இருக்கட்டும். உழவு காலத்துக்கும் அறுவடைக் காலத்துக்கும் வேண்டிய டீசலைப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் முன்கூட்டியே பெற்று, சோதித்து, அளந்து கொடுக்கட்டும். கலப்படத்தால் பழுதான இயந்திரத்துக்கு நட்டஈடு கோரக் கமக்காரனுக்கு வழி திறக்கட்டும். அண்ணையைப் போன்றவர்களின் கைப்பழக்கத்தை எம் விவசாயக் கல்லூரிகளும் தொழிற்கல்வி நிலையங்களும் அழைத்து, கேட்டு, எழுதிவைக்கட்டும். அவருக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. அவர் கற்றது அவரோடு போகுமாயின், அடுத்த பஞ்சத்திலே நாம் மீண்டும் முதலாம் வகுப்பிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கும்.

இவற்றிலே எதுவும் புரட்சியன்று என்று நண்பர் சிலர் நகைக்கலாம். இருக்கட்டும். ஒரே வரம்பிலே நின்று ஒருவரையொருவர் திருடர் என்று எண்ணிய இரு ஏழைகள், ஒரு போத்தலின் முன்னே அமர்ந்து, திருடன் வேறெங்கோ இருக்கிறான் என்று கண்டுகொண்ட அந்தப் பொழுதை நாம் கண்ணாற் கண்டோம். அந்த அறிவு பத்துப் பேருக்கு வருமாயின் ஒரு சங்கம் உண்டாகும். பத்தாயிரம் பேருக்கு வருமாயின் என்ன உண்டாகும் என்பதை வாசகர் சிந்திப்பாராக.